நூற்றுக்கு அதிபதியின் கீழ் எண்பது பேர்: ரோமப் படையின் அலகுகளும் பதவிகளும்

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு ‘நூற்றுக்கு அதிபதி’ என்ற சொல் நன்றாகத் தெரியும். செஞ்சூரியன் என்ற ரோமப் படைப் பதவியின் சொற்பொருள் அதுதான். மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு செஞ்சூரியனின் கீழ் இருந்தவர்கள் நூறு பேர் அல்லர், எண்பது பேர்.

மீதி இருபது பேர் எங்கே என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தப் படையின் அமைப்பு முழுவதும் பிடிபட்டுவிடும். ரோமப் படையைப் பற்றிப் படிக்கும்போது வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இரண்டு இடங்களில் பிறக்கின்றன. பெயர் அப்படியே நிற்க, அதற்குள் இருந்த எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியது, இது முதலாவது. இன்றைய ராணுவத்தின் பதவி வரிசையை அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது இரண்டாவது. இரண்டையும் வரிசையாகப் பிரித்துப் பார்க்கலாம். வேறு காலம் குறிப்பிடாத இடங்களில் இங்கே சொல்லப்படுவது முதல் பேரரசர் அகஸ்டஸ் முதல் சுமார் கி.பி. 200 வரையிலான படையைப் பற்றியது.

எட்டுப் பேரில் தொடங்கும் கணக்கு

அடியிலிருந்து மேலே போனால் அமைப்பு இப்படி:

1. கொன்டுபெர்னியம்: 8 பேர். ஒரே கூடாரத்தில் தங்குபவர்கள் என்று பொருள்.
2. செஞ்சுரி: 10 கொன்டுபெர்னியம், அதாவது 80 பேர்.
3. கோஹார்ட்: 6 செஞ்சுரி, அதாவது 480 பேர்.
4. லீஜியன்: 10 கோஹார்ட்.

பாடப்புத்தகங்கள் நான்காவதிலிருந்துதான் தொடங்கும். ஒரு ரோமச் சிப்பாயின் அன்றாட வாழ்க்கையோ முதலாவதில்தான் நடந்தது. அந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு தோல் கூடாரம், அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை, தானியம் அரைக்க ஒரு கைத்திரிகை. படைக்குப் பொதுவான சமையற்கூடம் கிடையாது. பங்கீட்டுக் கோதுமையை வாங்கி, அரைத்து, சுட்டுச் சாப்பிடுவது அந்த எட்டுப் பேரின் பொறுப்பு. நிரந்தரக் கோட்டைகளிலும் இதே கணக்குதான். ஒரு செஞ்சுரிக்கு ஒரு நீளமான கட்டடம். அதில் சுமார் பத்து இரட்டை அறைகள், ஓர் அறையில் தளவாடம், இன்னொன்றில் படுக்கை. கடைக்கோடியில் செஞ்சூரியனுக்கு மட்டும் விசாலமான வீடு. அகழாய்வில் இந்தத் தரைத்திட்டம் வெளிப்பட்டால், மேலே ஒரு சுவர்கூட மிஞ்சாவிட்டாலும், அங்கே எத்தனை பேர் தங்கினார்கள் என்று கணக்கிட்டுவிட முடிகிறது. எண்பது என்ற எண்ணுக்கு இது வலுவான சான்று.

480-ஐப் பத்தால் பெருக்கினால் 4,800 வரும். அதுதான் லீஜியன் என்று முடிக்க முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதல் கோஹார்ட் மட்டும் பெரிதாக இருந்தது: ஆறு செஞ்சுரிக்குப் பதில் ஐந்து, ஒவ்வொன்றிலும் இரு மடங்கு ஆட்கள், ஆகமொத்தம் 800 பேர். ஸ்காட்லாந்தின் இஞ்ச்டூட்ஹில் கோட்டையின் தரைத்திட்டத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் மற்ற ஒன்பது கோஹார்ட்டில் 4,320, முதலாவதில் 800, கூடுதலாகச் செய்தி கொண்டுபோகவும் வேவு பார்க்கவும் 120 குதிரை வீரர்கள். மொத்தம் 5,240. ‘ஒரு லீஜியன் என்றால் சுமார் ஐயாயிரம் பேர்’ என்று சொல்வது இந்தக் கணக்கில்தான்.

பெயர் ஒன்று, காலத்துக்கொரு எண்

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் காட்டும் லீஜியன் வேறு மாதிரியானது. அதில் 4,200 காலாட்கள். வயதும் வசதியும் பார்த்து அவர்களைப் பிரித்திருந்தார்கள்: முன்வரிசையில் ஹஸ்தாத்தி 1,200 பேர், அடுத்து பிரின்கிபெஸ் 1,200 பேர், கடைசியில் வயதில் மூத்த த்ரியாரி 600 பேர். மீதிப்பேர் இலேசான ஆயுதம் தாங்கிய இளைஞர்களும் ஏழைகளும். அப்போது களத்தில் இயங்கிய அலகு மேனிப்பிள். ‘ஒரு கைப்பிடி’ என்று பொருள். முதல் இரண்டு வரிசைகளில் ஒரு மேனிப்பிளுக்கு 120 பேர், இரண்டு செஞ்சுரி. அப்படியானால் ஒரு செஞ்சுரியில் 60 பேர். மூன்றாம் வரிசையிலோ 30 பேர்தான். ‘நூறு’ என்ற பெயரோடு முப்பது பேர்!

இதில் முரண்பாடு இல்லை. ரோமர்களுக்குச் செஞ்சுரி என்பது அதற்குள்ளாகவே எண்ணிக்கையைக் குறிப்பதை விட்டுப் பிரிவைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. குடிமக்கள் வாக்களித்த மன்றத்திலும் 193 செஞ்சுரிகள் இருந்தன. பணக்காரர்களின் செஞ்சுரியில் சிலரே. சொத்தில்லாதவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு செஞ்சுரியில். குதிரைப்படையிலும் இதே கதைதான். டெகூரியன் என்றால் பத்துப் பேருக்குத் தலைவன். பொலிபியஸ் காலத்தில் முப்பது பேர் கொண்ட குதிரைப் பிரிவுக்கு மூன்று டெகூரியன்கள் இருந்தார்கள். கணக்குச் சரியாக இருந்தது. பேரரசுக் காலத்தில் அதே முப்பது பேருக்கு ஒரே டெகூரியன். பெயர் மட்டும் மாறவில்லை.

கி.மு. 107-இல் ரோமத் தளபதி கயுஸ் மாரியுஸ் சொத்தில்லாத ஏழைகளையும் லீஜியனில் சேர்த்துக்கொண்டார். அவர் ஒருவரே படையை முழுவதும் மாற்றியமைத்தார் என்று பழைய நூல்கள் சொல்லும். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதைப் பல பத்தாண்டுகளில் மெல்ல நடந்த மாற்றமாகவே பார்க்கிறார்கள். அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. எப்படியானாலும், கி.மு. 58-இல் ஜூலியஸ் சீசர் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டில் போரைத் தொடங்கியபோது களத்தின் அலகு மேனிப்பிள் அல்ல, கோஹார்ட். பழைய மூன்று வரிசைகள் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றின் பெயர்கள் செஞ்சூரியன்களின் பட்டங்களில் ஒட்டிக்கொண்டு பேரரசுக் காலத்திலும் தொடர்ந்தன.

மறுமுனையில், பேரரசர் டயோக்ளீஷியன் ஆட்சிக்கு வந்த கி.பி. 284-க்குப் பிறகு உருவான புதிய லீஜியன்கள் பலவற்றில் சுமார் ஆயிரம் பேர்தான் இருந்திருப்பார்கள் என்று கருதப்படுகிறது. ஆகவே ‘எத்தனை லீஜியன்’ என்று படிக்கும்போது ‘எந்த நூற்றாண்டு’ என்றும் கூடவே கேட்டாக வேண்டும்.

ஒரு ஏணி அல்ல, மூன்று

இன்றைய ராணுவத்தில் படிநிலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த ஒரே ஏணி. ரோமில் அப்படி இல்லை. பிறப்பும் சொத்தும் சேர்ந்து மூன்று தனித்தனி ஏணிகளை வைத்திருந்தன.

1. செனட் வகுப்பு. லீஜியனின் தலைவரான லெகேட் இந்த வகுப்பைச் சேர்ந்தவர். வழக்கறிஞராக, நீதிபதியாக, நிர்வாகியாக இருந்துவிட்டுச் சில ஆண்டுகள் லீஜியனை நடத்துவார். பிறகு மாகாண ஆளுநராகப் போவார். அவருக்கு அடுத்த இடத்தில் அகலப் பட்டை ட்ரிப்யூன்: செனட் குடும்பத்து இளைஞர், இருபது வயதை ஒட்டியவர். அங்கியில் இருந்த ஊதா நிறப் பட்டையின் அகலமே பதவிப் பெயரானது.

2. குதிரையோர் வகுப்பு. செனட்டுக்கு அடுத்த செல்வர்கள். லீஜியனில் ஐந்து குறுகிய பட்டை ட்ரிப்யூன்கள் இவர்கள். பெரும்பாலும் நிர்வாக வேலை.

3. சாதாரணக் குடிமக்கள். சிப்பாயாகச் சேர்ந்து, தேறினால் செஞ்சூரியன் ஆகலாம்.

மூன்றாம் ஏணியின் உச்சியில் நின்றவர் ப்ரைமஸ் பைலஸ், அதாவது முதல் கோஹார்ட்டின் முதல் செஞ்சூரியன். அந்த ஓராண்டுப் பதவியை முடித்தவருக்குக் குதிரையோர் வகுப்பில் சேரும் அளவுக்குப் பணம் கிடைத்தது. அவர்களில் சிலர் முகாம் தலைவராக மீண்டும் லீஜியனுக்கு வந்தார்கள். அனுபவத்தில் அந்த முகாமில் அவரை மிஞ்ச ஆள் இருக்காது. ஆனாலும் வரிசையில் அவர் மூன்றாவது. இருபது வயது ட்ரிப்யூன் அவருக்கு மேலே.

இந்த வரிசையின் விளைவு பிரிட்டனில் ஒருமுறை தெரிந்தது. கி.பி. 60-61-இல் பூடிக்கா அரசியின் கிளர்ச்சியின்போது இரண்டாம் அகஸ்டா லீஜியனை உதவிக்கு வரும்படி ஆளுநர் அழைத்தார். அப்போது அதன் பொறுப்பில் இருந்தவர் முகாம் தலைவரான போயனியஸ் போஸ்டுமஸ். லெகேட்டும் மூத்த ட்ரிப்யூனும் அங்கே இல்லை என்பதுதான் அதற்குப் பொருந்தும் விளக்கம். அவர் படையை நகர்த்தவில்லை. மற்றவர்கள் வென்ற செய்தி வந்ததும் தன் வாளாலேயே உயிரை விட்டார்.

செஞ்சூரியனை ‘கேப்டன்’ என்றும் லெகேட்டை ‘ஜெனரல்’ என்றும் மொழிபெயர்ப்பது ஏன் தவறாகிவிடுகிறது என்பது இங்கே புரியும். கேப்டன் ஒருநாள் ஜெனரல் ஆகலாம். சிப்பாயாகத் தொடங்கிய செஞ்சூரியன் இந்தக் காலத்தில் லெகேட் ஆவது நடைமுறையில் நடக்காத காரியம். எகிப்து மட்டும் விதிவிலக்கு. செனட் வகுப்பினர் அனுமதியின்றி அங்கே காலடி வைக்கவே அகஸ்டஸ் தடை விதித்திருந்தார். அதனால் அங்கிருந்த லீஜியன்களைக் குதிரையோர் வகுப்பினரே நடத்தினார்கள்.

செஞ்சுரிக்குள் யார் என்ன செய்தார்கள்

எண்பது பேருக்குள் செஞ்சூரியனுக்கு உதவியாக மூன்று முக்கியமான பொறுப்பாளர்கள்.

1. ஆப்டியோ: செஞ்சூரியன் தேர்ந்தெடுத்த துணைவர். அணியின் பின்னால் கோலோடு நின்று, யாரும் பின்வாங்காமல் பார்த்துக்கொள்வார்.
2. சிக்னிஃபர்: செஞ்சுரியின் கொடிக்கம்பம் ஏந்துபவர். வீரர்களின் சேமிப்புப் பணமும் இவர் பொறுப்பில்தான்.
3. டெஸ்ஸெராரியஸ்: காவல் சங்கேதச் சொல்லுக்குப் பொறுப்பாளர். டெஸ்ஸெரா என்றால் அந்தச் சொல் எழுதிய சிறு பலகை.

சங்கேதச் சொல்லை அனுப்பிய முறையைப் பொலிபியஸ் விரிவாக எழுதியிருக்கிறார். சூரியன் மறையும் நேரத்தில் முகாமின் கடைசி வரிசையிலிருந்து ஒருவர் ட்ரிப்யூனின் கூடாரத்துக்கு வந்து பலகையை வாங்குவார். அதைச் சாட்சிகள் முன்னிலையில் அடுத்த மேனிப்பிளிடம் கொடுப்பார். அது கைமாறிக் கைமாறி, இருட்டுவதற்குள் ட்ரிப்யூனிடமே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் பலகை எந்த வரிசையில் நின்றது என்று உடனே தெரிந்துவிடும். எழுத்தும் சாட்சியும் வைத்து இயங்கிய படை இது. இதன் வலிமை வாளில் இருந்ததைவிட இந்த ஒழுங்கில்தான் கூடுதலாக இருந்தது.

சிக்னிஃபரின் கணக்குப் புத்தகம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு எகிப்திலிருந்து ஒரு பாப்பிரஸ் ஏடு கிடைத்திருக்கிறது. கி.பி. 81-ஐ ஒட்டியது. சம்பளம் ஆண்டுக்கு மூன்று தவணை. ப்ரோகுலஸ் என்ற வீரரின் ஒரு தவணை 248 த்ராக்மா. பிடித்தம்: வைக்கோல் 10, சாப்பாடு 80, செருப்பும் வார்களும் 12, சாட்டர்னேலியா விழாவுக்கு 20, உடை 60. கையில் நின்றது 66. முன்பே இருந்த 136-ஓடு சேர்த்து 202 அவர் கணக்கில் ஏறியது. இந்தச் சேமிப்பே ஒரு கட்டத்தில் பேரரசருக்குத் தலைவலியானது. கி.பி. 89-இல் மைன்ஸ் நகரில் ஓர் ஆளுநர் கலகம் செய்தார். இரண்டு லீஜியன்களின் சேமிப்பு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதன் பிறகு ஒரு வீரர் முகாமில் ஆயிரம் செஸ்டெர்ஸுக்கு மேல் வைக்கக் கூடாது என்று பேரரசர் டொமிஷியன் உத்தரவிட்டார்.

செஞ்சூரியனைத் தனியாகப் பார்த்தால்

லெகேட்டுகள் வந்து போனார்கள், செஞ்சூரியன்கள் இருந்தார்கள். ரோமப் படைக்கு முதுகெலும்பு அவர்கள்தான்.

இன்றைய துனீசியாவின் காஸ்ரீனில் கிடைத்த ஒரு கல்வெட்டு இதற்கு நல்ல உதாரணம். பெட்ரோனியஸ் ஃபார்சுனாட்டஸ் என்பவர் முதல் இத்தாலிகா லீஜியனில் நான்கே ஆண்டுகளில் எழுத்தர், டெஸ்ஸெராரியஸ், ஆப்டியோ, சிக்னிஃபர் என்று எல்லாப் படிகளையும் கடந்தார். பிறகு அதே லீஜியனின் ஆதரவு வாக்கால் செஞ்சூரியன் ஆனார். அப்புறம் 46 ஆண்டுகள் செஞ்சூரியனாகவே இருந்தார், மொத்தம் பதின்மூன்று லீஜியன்களில். வடக்கே பிரிட்டன் தொடங்கிக் கிழக்கே அரேபியா வரை இருந்த லீஜியன்கள் அவை. ஒரு லீஜியன் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோன ஆட்கள் இவர்கள்தான் என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர்களின் அடையாளம் கையில் இருந்த திராட்சைக் கொடிக் கம்பு. அது அடிக்கும் கம்பும்கூட. கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் டானூப் ஆற்றங்கரை லீஜியன்கள் கலகம் செய்தன. முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகியும் விடுதலை இல்லை, வேலையிலிருந்து விலக்கு வேண்டுமானால் செஞ்சூரியனுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பவை புகார்கள். லூசிலியஸ் என்ற செஞ்சூரியனைக் கலகக்காரர்கள் கொன்றார்கள். ஒரு கம்பு வீரனின் முதுகில் உடைந்ததும் ‘இன்னொன்று கொண்டு வா’ என்று கத்துவது அவர் வழக்கம். அதுவே அவர் பட்டப்பெயராக இருந்தது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதே நாட்களில் ரைன் கரையிலும் கலகம் வெடித்தது. அங்கே ஒவ்வொரு செஞ்சூரியனுக்கும் அறுபது அடி விழுந்தது. ஏன் அறுபது? ஒரு லீஜியனில் இருந்த செஞ்சூரியன்களின் எண்ணிக்கை அது: பத்துக் கோஹார்ட், தலைக்கு ஆறு. முதல் கோஹார்ட் ஐந்து பெரிய செஞ்சுரிகளாக ஆன பிறகு இந்த எண் 59 ஆகிவிட்டது.

துணைப்படை என்ற மறுபாதி

லீஜியனில் சேர ரோமக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஆக்ஸிலியா என்ற துணைப்படை. எண்ணிக்கையில் இது லீஜியன்களுக்குச் சமமான பாதி. இங்கே லீஜியன் கிடையாது. தனித்தனிக் கோஹார்ட்டுகளும், ஆலா என்ற குதிரைப் பிரிவுகளும்தான். ‘ஐந்நூற்றுவர்’ கோஹார்ட்டில் 480 பேர், ‘ஆயிரவர்’ கோஹார்ட்டில் சுமார் 800 பேர். பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள அதே இடைவெளி இங்கேயும்.

இருபத்தைந்து ஆண்டுகள் முடித்தால் குடியுரிமை. அதற்குச் சான்று இரண்டு வெண்கலத் தகடுகள். ஆணையின் வாசகம் உள்ளேயும் வெளியேயும் பொறிக்கப்பட்டு, கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரை வைக்கப்பட்டிருக்கும். வெளி வாசகத்தை யாராவது திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே பார்க்கலாம். கி.பி. 140 வரை வீரரின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை சேர்ந்தே வந்தது. கி.பி. 212-இல் பேரரசர் காரகல்லா ஏறக்குறைய எல்லாச் சுதந்திர மக்களுக்கும் குடியுரிமை கொடுத்ததும் இந்தப் பிரிவினையின் அடிப்படையே போய்விட்டது.

விவிலியம் படிப்பவர்களுக்கு வரும் இன்னொரு குழப்பமும் இங்கே தெளிகிறது. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ‘இத்தாலியா பட்டாளம்’ ஒரு லீஜியன் அல்ல. மூலத்தில் இருப்பது கோஹார்ட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கி.பி. 66-இல் யூதக் கிளர்ச்சி வெடிக்கும் வரை யூதேயாவில் நிரந்தரமாக எந்த லீஜியனும் இல்லை. அவை சிரியாவில் இருந்தன. எருசலேமில் பவுலைப் பிடிக்கும் ‘சேனாபதி’ லீசியா ஒரு கோஹார்ட்டின் ட்ரிப்யூன். கிரேக்க மூலம் அவரை ‘ஆயிரவர் தலைவன்’ என்கிறது. லீஜியனில் இருந்த ட்ரிப்யூனிடம் தனிப் பிரிவு எதுவும் இல்லை. துணைப்படை ட்ரிப்யூனிடமோ ஒரு முழு கோஹார்ட் இருந்தது. பட்டம் ஒன்று, வேலை வேறு.

ஏட்டில் இருப்பவர்களும் களத்தில் இருப்பவர்களும்

இதுவரை பார்த்தவை ஏட்டுக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட நாளில் உண்மை நிலவரம் எப்படி இருந்தது என்பதற்கு வட இங்கிலாந்தின் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகடு ஒன்று சாட்சி. கி.பி. 90-களை ஒட்டிய ஒரு மே 18-ஆம் தேதி, முதல் துங்ரியன் கோஹார்ட்டின் ஆள்கணக்கு அதில் மையால் எழுதப்பட்டிருக்கிறது.

மொத்தம் 752 பேர். வெளியே போயிருப்பவர்கள் 456: இவர்களில் 337 பேர் கோரியா என்ற இன்னொரு படைத்தளத்தில், 46 பேர் ஆளுநரின் காவலில், மற்றவர்கள் வேறு இடங்களில். கோட்டையில் இருப்பவர்கள் 296. அவர்களில் நோயாளிகள் 15, காயம்பட்டவர்கள் 6, கண் வீங்கியவர்கள் 10. சண்டைக்குத் தகுதியானவர்கள் 265. ஆறு செஞ்சூரியன்களில் கோட்டையில் ஒருவர்தான் இருந்தார். மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம் பேரோடு ஒரு கோட்டை இயங்கிக்கொண்டிருந்தது.

லீஜியன்களும் இப்படியே துண்டு துண்டாகப் பிரிந்து போயின. அப்படிப் பிரித்து அனுப்பிய குழுவுக்கு வெக்ஸில்லேஷன் என்று பெயர். செங்கடலின் தென்பகுதியில், இன்று சவுதி அரேபியாவுக்குச் சொந்தமான ஃபராசான் தீவுகளில் கி.பி. 144-ஐச் சேர்ந்த லத்தீன் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. எகிப்தில் இருந்த இரண்டாம் ட்ராஜானா லீஜியனின் ஒரு பிரிவு அங்கே தங்கியிருந்ததாக அது சொல்கிறது. முசிறியிலிருந்து மிளகு ஏற்றிய கப்பல்கள் எகிப்துக்குப் போன கடல்வழி அது.

வாருஸ் இழந்த படை: ஒரு கணக்கு

இவ்வளவும் தெரிந்தால் என்ன மாறும்? கி.பி. 9-இல் ஜெர்மானியக் காடுகளில் வாருஸ் என்ற ஆளுநர் தன் படையோடு அழிந்ததை எடுத்துக்கொள்வோம். அதே தலைமுறையைச் சேர்ந்த படை அதிகாரி வெல்லெயஸ், அழிந்தவை மூன்று லீஜியன், ஆறு கோஹார்ட், மூன்று ஆலா என்கிறார்.

1. லீஜியன்கள்: முதல் கோஹார்ட்டும் 480 என்றே வைத்தால், 4,800 × 3 = 14,400.
2. அவற்றின் குதிரை வீரர்கள்: 120 × 3 = 360.
3. துணைக் கோஹார்ட்டுகள்: 480 × 6 = 2,880.
4. ஆலாக்கள்: தலைக்குச் சுமார் 500, ஆக 1,500.

கூட்டினால் 19,140. இருபதாயிரம் பேர் மாண்டார்கள் என்று பல இடங்களில் படிப்பது இந்தப் பெருக்கலிலிருந்து வருவது. ஆனால் வாருஸ் தன் வீரர்களைப் பல ஊர்களுக்குக் காவலுக்கும் துணைக்கும் பிரித்து அனுப்பியிருந்தார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். விண்டோலாண்டா கணக்கைப் பார்த்த பிறகு, அந்தக் காட்டு வழியில் அணிவகுத்தவர்கள் 19,140-ஐவிடக் கணிசமாகக் குறைவு என்றே கொள்ள வேண்டும். 17, 18, 19 என்ற அந்த லீஜியன்களின் எண்களை ரோமர்கள் பிறகு எந்தப் படைக்கும் கொடுக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவரின் முகம் மட்டும் நமக்குத் தெரியும். மார்க்கஸ் கயேலியஸ், பொலோஞா ஊர்க்காரர், பதினெட்டாம் லீஜியனின் செஞ்சூரியன், வயது ஐம்பத்து மூன்றரை. ஜெர்மனியின் க்ஸான்டெனில் கிடைத்த நினைவுக்கல்லில் மார்பு நிறையப் பதக்கங்களோடு, கையில் அந்தத் திராட்சைக் கம்போடு நிற்கிறார். இருபுறமும் அவர் விடுதலை செய்த இரு அடிமைகளின் உருவங்கள். வாருஸின் போரில் வீழ்ந்தார் என்கிறது வாசகம். கல்லை வைத்தவர் அவருடைய சகோதரர் பப்ளியஸ். உடல் கிடைக்கவில்லை, எலும்புகள் கிடைத்தால் இங்கே வைக்கலாம் என்று கல்லில் ஓர் அனுமதியும் எழுதி வைத்திருக்கிறார்.